சுவரின் தோல்

எல் சௌசால், நியூ மெக்சிகோ
1965 ஏப்ரல் 25, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்க, நான் அடுப்படியில் நின்று வாசித்துக் காட்டினேன். உங்கள் இருமல் குறைந்ததைக் கேட்டு அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அந்த இடம் வந்தது. ஜூன் பதினான்காம் தேதி ஒப்பந்தக்காரர் எஸ்கிபெல் ஆட்களோடு வருவார், வீட்டின் வெளிச்சுவர் முழுக்கக் கம்பிவலை அடித்து சிமெண்டு பூசுவார், அதற்குள் சுவரோரச் செடிகளை எல்லாம் வெட்டிவைக்க வேண்டும். அங்கே நிறுத்திவிட்டேன்.

"என்னடி, எழுத்து புரியலையா?" என்று அம்மா கேட்டாள். புரிகிறது, அதனால்தான் நிறுத்தினேன் என்றேன்.

நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தோட்டம் பனிக்கடியில் இருந்தது. அதனால் நினைவூட்டுகிறேன். தெற்குச் சுவரை ஒட்டி சூசையப்பர் கோல் பூச்செடி இரண்டு வரிசை இருக்கிறது. இப்போது இலைதான், ஜூலையில் என் தலைக்கு மேல் போய்ப் பூக்கும். மூலைகளில் காட்டுப் பிளம் மூன்று புதர். இந்த வாரம் மூன்றும் பூத்து, உள்ளே கை விட்டால் தேனீ கொட்டிவிடும், அவ்வளவு இரைச்சல். பூவில் தேன் குடிக்கும் ரீங்காரச் சிட்டு இந்த வருடம் முதன்முதலாகத் திங்கட்கிழமை வந்தது, போன வருடத்தைவிட நான்கு நாள் முன்னதாக. இரண்டு வருடத்தில் என் நோட்டில் ஐம்பத்து மூன்று வகைப் பறவைகள் ஏறியிருக்கின்றன. இவற்றில் ஒன்றுக்காகவும் நான் இந்த வேலியைத் தாண்டிப் போகவில்லை.

தலைவாசல் உத்தரத்தில் 1803 என்று செதுக்கியிருக்கிறது. அன்றிலிருந்து இந்தச் சுவரில் மண்ணைத் தவிர வேறு எதுவும் பட்டதில்லை. இப்போது ஏன்? நான் எதிர்த்துப் பேசவில்லை, கேட்கிறேன். இரண்டும் வேறு என்று எங்கள் ஆசிரியை சொல்கிறார்.

அம்மாவிடம் கேட்டதற்கு, "அவர் வீடு, அவர் முடிவு" என்று சொல்லிவிட்டு மாவை ஓங்கி அடித்தாள்.

உங்கள் மகள்,
டெல்பினா


புவெப்லோ, கொலராடோ
மே 2

டெல்பினா,

உன் எழுத்து அழகாக இருக்கிறது. அந்த அழகான எழுத்தில் "சரி அப்பா" என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

ஏன் என்று கேட்டாய். வருடா வருடம் ஜூன் கடைசியில் வரும் அருளப்பர் திருநாளுக்கு முன்னால் நீயும் உன் அம்மாவும் மற்றப் பெண்களும் ஏணியில் ஏறி, முழங்கை வரை சேற்றை அள்ளிப் பூசுகிறீர்கள். ஜூலையில் மழை வந்து பாதியைக் கொண்டுபோகிறது. அடுத்த வருடம் மறுபடியும் ஏணி, மறுபடியும் சேறு. பக்கத்து வீட்டு லியோகாடியாவின் கணவர் ஆறு வருடத்துக்கு முன் தன் தானிய அறைக்கு சிமெண்டு பூசினார். அதற்குப் பிறகு அந்தச் சுவரை யாராவது தொட்டதுண்டா? போய்ப் பார்.

செடி சுவரை ஒட்டி நின்றால் அடியில் ஈரம் தங்கும். குருவிகள் சுவரிலிருந்து வைக்கோலை இழுத்துக்கொண்டு போகும். சின்ன வயதில் அவற்றைக் கல்லெறிந்து விரட்டுவதுதான் என் வேலை. உன் ஐம்பத்து மூன்று பறவைக்கும் மலை நிறைய மரம் இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரு வீடு.

நான் இரும்பாலையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். ஜூன் முதல் வாரத்துக்குள் செடிகளை வெட்டிவிடுங்கள்.

ஹசிந்தோ, உன் அப்பா


எல் சௌசால்
மே 16

அன்புள்ள அப்பாவுக்கு,

"போய்ப் பார்" என்று எழுதியிருந்தீர்கள். போய்ப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை லியோகாடியா பெரியம்மாவின் தானிய அறைக்கு எதிரே நோட்டோடு உட்கார்ந்தேன். வாலைத் தூக்கிக்கொண்டு திரியுமே, கட்டைவிரல் அளவுப் பழுப்புக் குருவி, அது வாயில் புழுவோடு வந்து சுவரின் அடியில் மறைந்தது. மறுபடி வந்தது, மறுபடி மறைந்தது. அரை மணி நேரத்தில் பதினோரு தடவை. கிட்டப் போய்ப் பார்த்தால் சிமெண்டில் ஒரு விரிசல். அதற்குள்ளிருந்து குஞ்சுகளின் சத்தம், என் இடுப்பு உயரத்திலிருந்து வருகிறது. சுவருக்குள் கூடு கட்ட இடம் எப்படி வந்தது என்று யோசித்தேன். கூட்டுக்கு எட்டாத தூரத்தில் இன்னொரு விரிசலில் ஒரு நீளக் குச்சியை விட்டேன். முழங்கை வரை போயிற்று. வெளியே எடுத்தபோது நுனியில் ஈர மண்.

பெரியம்மா கோழிக்குத் தீனி போட வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காட்டினாள். மேலே கல் போலக் கேட்டது. கீழே வர வர வெறும் பானை.

"உங்க பெரியப்பா கிட்ட சொல்லிடாதே. அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி வருஷக்கணக்கா நடந்துக்கிட்டு இருக்கார்" என்றாள்.

எனக்குப் புரிந்தது இதுதான். மண் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டு போட்டு மூடினால், விரிசல் வழியே உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாது. உள்ளுக்குள்ளேயே மண்கல் கரைகிறது. வெளியே ஓடு மட்டும் நிற்கிறது. படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

செடி ஈரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதனால் தண்ணீர் பாயும் வாய்க்காலைச் சுவரிலிருந்து நான்கு அடி தள்ளி வெட்டிவிட்டேன். கை கொப்புளித்துவிட்டது. ஆனால் செடிகளை வெட்டப் போவதில்லை. இதை மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

டெல்பினா


புவெப்லோ
மே 23

டெல்பினா,

லியோகாடியாவின் கணவர் ஆற்றங்கரை மண்ணைக் கலந்து, வலை அடிக்காமல் பூசினார். எஸ்கிபெல் அப்படிச் செய்யமாட்டார். குருவி வந்து கட்டடம் கட்டச் சொல்லிக்கொடுக்கும் நிலைமையில் நான் இல்லை. நீங்கள் வெட்டாவிட்டால் எஸ்கிபெலின் ஆட்கள் வெட்டுவார்கள். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அப்பா


புவெப்லோ
மே 27

மகளுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே எழுதுகிறேன். கோபம் போகவில்லை. ஆனால் காரணத்தை உன்னிடம் பாதிதான் சொன்னேன், அது உறுத்துகிறது. அம்மாவுக்கு இதை வாசிக்காதே.

எனக்குப் பத்து வயதில் பழைய வீட்டைப் பார்க்க என்று ஒருவர் கேமராவோடு வந்தார். நான் மண்ணும் வைக்கோலும் காலால் மிதித்துக்கொண்டிருந்தேன். கழுவிக்கொண்டு வருகிறேன் என்றேன். கழுவாதே, அப்படியே நில் என்று சொல்லிச் சுவர் ஓரம் நிறுத்திப் படம் எடுத்தார். அது அஞ்சலட்டையாகி இன்றும் நகரத்துக் கடைகளில் விற்கிறது. இந்த ஜனவரியில் எங்கள் ஆலையில் ஒருவன் ஊருக்குப் போய்வந்து, அதைச் சாப்பாட்டு அறைப் பலகையில் குத்திவைத்தான். "மண் குடிசையும் அதன் மைந்தனும்" என்று அடியில் அச்சடித்திருக்கிறது. படத்தில் இருப்பது நான் என்று யாருக்கும் தெரியாது. நான்தான் முட்டாள்தனமாக, சந்தோஷத்தில், "இது எங்க வீடு" என்று சொல்லிவிட்டேன்.

அன்று முதல் என் பெயரை யாரும் சொல்வதில்லை. "ஏய் மண்ணாங்கட்டி, உலைக்குப் பக்கத்துல நிக்காத, வெந்து செங்கல்லாயிடுவ." தினமும் இதே. ஒரு நாள் நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்காகத்தான் என்மேலேயே எனக்கு வெறுப்பு.

அடுத்த முறை எவனாவது கேமராவோடு வந்தால், அவன் பார்க்க அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. வெள்ளையாக, வழுவழுப்பாக, நகரத்து வீடு போல இருக்கட்டும். இவ்வளவுதான் விஷயம்.

அப்பா


எல் சௌசால்
ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம் என்றீர்கள். நான் தனியாக வாசித்தேன். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "படி" என்றாள் அம்மா. அம்மா ஒரு சொல் சொல்லும்போது என்ன செய்ய முடியும் என்று உங்களுக்குத் தெரியும்.

முழுவதும் கேட்டாள். "பேரு சொல்லிக் கூப்பிடறதே இல்லையாமா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். எழுந்து கொட்டகைக்குப் போய், ஆணியில் தொங்கிய சல்லடையை எடுத்துத் தூசி தட்டினாள். அருளப்பர் திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்றேன். அம்மா மண் சலிக்க ஆரம்பித்தாள்.

அந்த அட்டையைப் பற்றி நான் ஒரு வாரமாக யோசிக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அது நின்ற பிறகு கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. அந்த மனிதர் உங்கள் பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அச்சடித்திருப்பார். இந்த வீட்டை அவர் குடிசை என்கிறார். எங்கள் சுவரின் கனத்தை அளந்தேன், இரண்டடி ஒன்பது அங்குலம். அவர் வீட்டுச் சுவர் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அது என்னவாக இருந்தாலும், அவருக்கும் ஆலையில் சிரிப்பவர்களுக்கும் பிடிக்கவில்லை என்பதற்காக நம் சுவரை மூடினால், நம் சுவர் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்ததாக ஆகும். அவர்கள் இங்கே ஒரு நாள் கூடத் தூங்கப் போவதில்லை.

இன்னொன்று. வீடு கட்டும்போது ஆண்கள் மண்கல் அறுப்பார்கள், அடுக்குவார்கள், உத்தரம் ஏற்றுவார்கள். பூசுவது பெண்கள். கூரைக்கு ஆண்கள், சுவரின் வெளிப்புறத்துக்குப் பெண்கள். இந்த ஊரில் எந்த வீட்டிலும் இது மாறியதில்லை. இந்த வீட்டுச் சுவரை எந்த ஆணாவது பூசியதுண்டா என்று அம்மாவிடம் கேட்டேன். "உங்கப்பா ஒரு தடவை பூசினார், கல்யாணமான புதுசுல. மேடும் பள்ளமுமா. நான் மறுநாள் சுரண்டிட்டுத் திரும்பப் பூசினேன்" என்றாள்.

ஆகவே அப்பா, சுவர் உங்களுடையது. அதன் தோல் எங்களுடையது. அதைப் பற்றி எஸ்கிபெலிடம் பேசி முடிக்க உங்களுக்கு உரிமை இல்லை. நான் இம்முறை கேள்வி கேட்கவில்லை. எதிர்த்துத்தான் பேசுகிறேன்.

டெல்பினா


எல் சௌசால்
ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. எஸ்கிபெல் தன் கதையை உங்களுக்கு எழுதியிருப்பார். நடந்ததை நடந்தபடி நானும் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை விடிந்ததும் ஒன்பது பெண்கள் வந்தார்கள். அம்மா யார் வீட்டுக்கும் போய்க் கூப்பிடவில்லை. ஒரு வாரமாக மண் சலிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் வந்தார்கள். செடிகளை வெட்டாமல், பழைய கம்பளங்களால் அணைத்து முன்பக்கம் சாய்த்துக் கட்டினோம். அதற்குப் பின்னால் ஏணி நிற்க இடம் கிடைத்தது. தெற்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் அன்று பூசி முடித்தோம், மற்ற இரண்டையும் திங்கட்கிழமை விடியற்காலையில். நான் ஆட்டுத்தோல் துண்டை நனைத்துக் கடைசியாகத் தேய்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு லாரி வந்தது. எஸ்கிபெல் இறங்கி சுவரில் கை வைத்தார். கை பதிந்துவிட்டது. ஈரத்தின்மேல் வலை அடித்தால் ஆணி நிற்காது, காயட்டும், நாளைக்கு வருகிறேன் என்றார். அம்மா மிகவும் மரியாதையாக, வாருங்கள், நாளைக்கு இரண்டாவது பூச்சு என்றாள். அவர் மேலே பார்த்தார். ஏணியில் நின்றுகொண்டிருந்தது அவருடைய மாமியார்.

"என்ன பாக்கற? சிமெண்ட எறக்கு, எம்மேலயே பூசு" என்றாள் அந்த அம்மாள்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஆனால் இதற்குள் அவருடைய ஆள் ஒருவன் மேற்கு மூலைக்குப் போய், நாங்கள் பார்ப்பதற்கு முன் ஒரு பிளம் புதரை வெட்டிவிட்டான். அதற்குள் செம்மார்பன் குருவியின் கூடு ஒன்று இருந்தது. மூன்று குஞ்சுகள். இரண்டு பிழைக்கவில்லை. மூன்றாவதை ஆப்ரிகாட் மரத்துக் கிளையில் வைத்தேன். தாய்ப்பறவை அங்கே வந்து ஊட்டியதா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் அது அங்கே இல்லை. நாங்கள் வென்றுவிட்டதாக மட்டும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

அப்போதுதான் அம்மா ஏணியிலிருந்து இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள். கை முழுக்க மண். அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"எங்க வீட்டுக்காரரைப் பாத்து சிரிக்கிறவன் எவனோ, அவன் வீட்டுக்குப் போய் உங்க சிமெண்டப் பூசுங்க. இது மண்ணு வீடு. நாங்க மண்ணாத்தான் வச்சிருப்போம்."

எஸ்கிபெல் அன்றைக்கு லாரியில் ஏறிப் போனார். செவ்வாயும் வந்தார், புதனும் வந்தார். ஒவ்வொரு நாளும் காய்ந்த சுவரில் மறுபடி ஒரு பூச்சு ஏறியிருந்தது. புதன்கிழமை அம்மா அவருக்கு பீன்ஸும் மிளகாய்க் குழம்பும் போட்டாள். லாரிப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மறுநாள் நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வேலை இருக்கிறது, இனி உங்கள் கணவர் வந்து இங்கே இருந்தால்தான் வருவேன் என்று சொல்லிப் போனார். சாப்பாட்டைப் பற்றி நல்லபடியாகவே சொன்னார்.

உங்களுக்குக் கோபம் இருக்கும். என்னைத் திட்டுங்கள். அம்மாவைத் திட்ட வேண்டாம்.

டெல்பினா


புவெப்லோ
ஜூன் 27

டெல்பினா,

எஸ்கிபெல் எழுதினார். நீயும் எழுதினாய். இரண்டையும் பக்கத்தில் வைத்து மூன்று முறை வாசித்தேன். பதினாறு வருடத்தில் உன் அம்மா எனக்கு எதிராக ஒரு சொல் சொன்னதில்லை. இப்போதும் எனக்கு எதிராகச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று எனக்கு விளங்கவில்லை. அவளிடம் கேட்டு எழுது. வேண்டாம், கேட்காதே.

மேற்கு மூலைப் பிளம் புதரையா வெட்டினான்? கிணற்றுப் பக்கம் இருப்பதா, வழிக்கு அருகில் இருப்பதா? வழிக்கு அருகில் என்றால் அதை மலையிலிருந்து தோளில் தூக்கிவந்து நட்டவன் நான், நீ பிறந்த வருடம். யாரைக் கேட்டு வெட்டினான்? நான்தான் வெட்டச் சொன்னேன் என்று நீ எழுதப் போகிறாய். எழுத வேண்டாம். எனக்கே தெரியும்.

எஸ்கிபெலுக்கு இனி வர வேண்டாம் என்று எழுதிவிட்டேன். நீ சொல்வதை நான் ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்காதே. ஜூலையில் ஒரே ஒரு நல்ல மழை போதும், நீங்கள் போட்ட மூன்று பூச்சும் உங்கள் கணுக்காலில் வந்து நிற்கும். அன்றைக்கு நான் சிரிப்பேன். வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

அப்பா


எல் சௌசால்
ஜூலை 18

அன்புள்ள அப்பாவுக்கு,

மழை வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மலைப்பக்கம் கறுத்து, இரண்டு மணி நேரம் ஆலங்கட்டியோடு கொட்டியது. நானும் அம்மாவும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றே பார்த்தோம். உட்கார யாருக்கும் மனம் வரவில்லை.

மறைக்காமல் எழுதுகிறேன். வடக்குச் சுவரில், கூரைத் தூம்புக்கு நேர் கீழே, என் கை நீளத்துக்குப் பூச்சு வழிந்துபோய் வைக்கோல் தெரிகிறது. மற்ற மூன்று சுவரும் நிற்கின்றன. ஒரு விரல் மண் கூட இறங்கவில்லை. சூசையப்பர் கோலில் பாதி சாய்ந்துவிட்டது. மீதிப் பாதியில் மழை விட்ட பத்தாவது நிமிடம் ஏழு ரீங்காரச் சிட்டுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

லியோகாடியா பெரியம்மா நேற்று எங்கள் சல்லடையைக் கடன் கேட்டு வந்தாள். பெரியப்பா சந்தைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத் தானிய அறைச் சிமெண்டைக் கடப்பாரையால் உடைத்திருக்கிறாள். பாதி உடைத்தபோது அவர் வந்துவிட்டாராம். என்ன நடந்தது என்று அம்மா கேட்டாள். "மீதிய அவரு உடைச்சாரு" என்றாள்.

அந்தப் புதர் வழிக்கு அருகில் இருந்ததுதான். வருத்தமாக இருக்கிறது.

வடக்குச் சுவருக்கு மண் குழைத்து ஊறவைத்தாயிற்று. நாளைக் காலை பூசிவிடுவோம். இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும். அதற்குள் நீங்கள் சிரிப்பதற்கு இங்கே ஒன்றும் மீதி இருக்காது. வேண்டுமானால் அடுத்த மழைக்கு முன்பாகவே வந்து, எங்களோடு வாசலில் நின்று காத்திருங்கள் என்று அம்மா எழுதச் சொன்னாள்.

நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை.

உங்கள் மகள்,
டெல்பினா